கவிழ்த்து வைத்த படம்

செங்கம் சாலையின் உள்தெரு ஒன்றிலிருக்கும் அந்த வீட்டில், கேமராவிலிருந்து வெளியே வரும் படத்தை அது தெளிந்து முடியும்வரை யாரும் பார்ப்பதில்லை.

இப்படி ஒரு விதி உண்டென்று அங்கே எவரும் சொன்னதில்லை. சுவரில் எழுதி ஒட்டியதுமில்லை. பொத்தானை அழுத்தியதும் கேமராவின் வாயிலிருந்து வெள்ளை அட்டை மெல்ல நீளும். எடுத்தவர் அதன் முகத்தைப் பார்க்காமல் உருவி, மேசைமேல் கவிழ்த்து, அதன்மேல் ஓர் எவர்சில்வர் தட்டை மூடுவார். பிறகு டீ வரும். டீ குடித்து முடியும்வரை தட்டைப் பற்றிப் பேச்சே எழாது. மாடி அறைகளில் தங்க வரும் வெளிநாட்டுக்காரர்கள் முதல் நாள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். இரண்டாம் நாள் அவர்களே தட்டை எடுத்து மூடுவார்கள்.

ஜோயா இதை அறியாதவளாகத்தான் ஆடிப் பௌர்ணமியன்று மதியம் அங்கே வந்து சேர்ந்தாள். கிரிவலத்துக்காக வண்டிகளை நிறுத்திவிட்டிருந்தார்கள். ஸ்கூட்டியைத் தேரடித் தெருவில் தன் கடை வாசலிலேயே விட்டுவிட்டு, கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கூட்டத்தோடு கூட்டமாக நடந்தாள். இருபத்தெட்டு வயதுக்குள் கேமராவைத் திறந்து பார்க்கத் தெரிந்தவள் என்று ஊரில் பெயர் வாங்கியிருந்தாள். எடுத்த கையோடு படத்தைக் கக்கும் இந்தக் கேமராக்கள் பிறந்தநாள் வீடுகளிலும் கல்யாண மண்டபங்களிலும் பரவிய பிறகு அவளுக்கு ஓய்வில்லை. அவற்றின் நோய்கள் பத்துப் பன்னிரண்டுதான். எல்லாவற்றுக்கும் அவளிடம் மருந்து இருந்தது.

வழக்கமாக யார் கூப்பிட்டாலும் கடைக்குக் கொண்டுவரச் சொல்லிவிடுவாள். காலையில் தொலைபேசியில் பேசிய பெண் மட்டும், "அங்க கொண்டாந்தா நல்லாத்தாங்க எடுக்கும். இங்க வந்துதான் பாக்கணும்" என்றாள். அந்தக் குரலில் இருந்த ஏதோ ஒன்று ஜோயாவை நடக்க வைத்தது.

"வாங்க வாங்க. பேஷண்ட்டைத் தூக்கிட்டு வர முடியலன்னதும் டாக்டரே வந்துட்டாங்க பாரு" என்று வாசலிலேயே வரவேற்றான் நடராஜ். முப்பத்தைந்து வயதிருக்கும். தொந்தியும் சிரிப்புமாக இருந்தான். "எனக்கு ஒரு டவுட்டு மேடம். இதுல நான் மட்டும் ஜாஸ்தி குண்டா வர்றேன். அதுக்கு ஏதாச்சும் ஸ்க்ரூ இருக்கா?"

"அதுக்கு கேமராவைத் தொறக்கக் கூடாதுங்கண்ணா. ஃப்ரிட்ஜைப் பூட்டணும்."

அவன் வாய்விட்டுச் சிரித்தான். அவன் மனைவி தேவிப்ரியா சிரிக்கவில்லை. மேசைமேல் கேமராவை வைத்துவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு எதிரே நின்றாள். அறுவைச் சிகிச்சை அறைக்கு வெளியே நிற்பவர்கள் அப்படித்தான் நிற்பார்கள்.

கூடத்தின் ஒரு சுவர் முழுக்கச் சிறு சிறு படங்கள். தங்கிப் போன விருந்தினர் எல்லாரும் அங்கே இருந்தார்கள். அதற்கு எதிரே வெற்றுச் சுவர். அதில் நெடுக ஒரு விரிசல். அந்தச் சுவரடியில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி உட்கார்ந்து கலர் பென்சில் சீவிக்கொண்டிருந்தாள்.

"எங்க பொண்ணு, கவிநிலா" என்றாள் தேவிப்ரியா.

ஜோயா அந்தப் பக்கமாக நடந்து, சிறுமியின் இடப்பக்கம் குனியப் போனாள்.

"அங்க நிக்காதீங்க" என்றாள் கவிநிலா, தலை நிமிராமலே.

ஜோயா சிரித்தபடி விலகினாள். பெற்றோர் இருவரும் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்தாள்.

வேலையைத் தொடங்கும்போது அவள் எப்போதும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "கோளாறு வர்றதுக்கு முன்னாடி, கடைசியா நல்லா வந்த படம் எதுக்கா?"

நடராஜ் சமையலறைப் பக்கம் பார்த்தான். தேவிப்ரியா சுவரிலிருந்து நான்கு படங்களைக் கழற்றி மேசைமேல் வரிசையாக வைத்தாள்.

"கெட்டுப்போனதை முதல்ல பாருங்க."

பௌர்ணமிதோறும் அவர்கள் மூவரும் அந்த விரிசல் சுவரின் முன்னால் நின்று எடுத்துக்கொண்ட படங்கள் அவை. வலது ஓரத்தில் சிறுமி, அடுத்து தாய், அடுத்து தந்தை. மாசி மாதப் படத்தில் வலது விளிம்பில் ஒரு வெள்ளைக் கீற்று இருந்தது, நூல் கனத்தில். பங்குனியில் அது விரல் கனமாகி உள்ளே நகர்ந்திருந்தது. சித்திரையில் சிறுமிக்குப் பக்கத்தில் நின்றது.

நின்றது என்றுதான் சொல்ல வேண்டும். அதற்கு ஓர் ஆளின் உயரம் இருந்தது.

நான்காவது ஆனி மாதத்துடையது. அதில் சிறுமியின் இடக்கை முழங்கைவரை வெள்ளையில் மறைந்திருந்தது.

"வைகாசி?" என்று கேட்டாள் ஜோயா.

"எடுக்கல" என்றாள் தேவிப்ரியா.

ஜோயா கேமராவைத் திறந்தாள். அட்டையை அழுத்தி மருந்தைப் பரப்பி வெளியே தள்ளும் ரோலரில் அழுக்கு ஏறியிருந்தால் ஒரே இடைவெளியில் புள்ளிகள் விழும், திட்டு விழாது. ஆனாலும் பஞ்சால் துடைத்தாள். பின்கதவின் ரப்பர் பிய்ந்திருந்தால் வெளிச்சம் கசிந்து விளிம்பு வெளுக்கும். ரப்பர் முழுசாக இருந்தது. பேட்டரி தளர்ந்தால் ரோலர் இழுத்து இழுத்துச் சுற்றி, மருந்து பரவாமல் மூலை கெடும், பேட்டரி புதியது. வெயிலில் வைத்த ஃபிலிம் சிவக்கும், நாள் கடந்தது வெளிறும், ஆனால் எதுவுமே ஆள் உயரத்துக்கு வெளிறாது. விருந்தினர் படங்களைப் புரட்டினாள். அதே மாதம், அதே பேக்கின் ஃபிலிம். பளிச்சென்றிருந்தன.

"அவங்களுக்கு வராது" என்றாள் தேவிப்ரியா. "எங்க மூணு பேரை எடுத்தாதான். கேமரா மாத்திப் பாத்தோம். கீழ்பென்னாத்தூர்ல எங்க மாமா பையன்கிட்ட வாங்கியாந்து எடுத்தது இந்த ஆனி மாசத்துது."

ஜோயா தன் பையிலிருந்து தன் சொந்தக் கேமராவை எடுத்தாள். புதிய பேக்கின் ஈயத்தாளைக் கிழித்துப் போட்டாள். கறுப்பு மூடி அட்டை வெளியே வந்து விழுந்தது. ஆளில்லாத சுவரை ஒரு படம் எடுத்தாள். அட்டை நீண்டது. வழக்கம்போல் அதைக் கண்ணெதிரே பிடித்தாள்.

டக்கென்று ஒரு கை அதைப் பறித்துக் கவிழ்த்தது. தட்டு மூடியது.

"அக்கா, படம் எப்படித் தெளியுதுன்னு பாத்தாதான் கோளாறு எங்கன்னு சொல்ல முடியும். எது முதல்ல வருது, எது லேட்டா வருதுன்னு..."

தேவிப்ரியா தட்டின்மேல் வைத்த கையை எடுக்கவில்லை. அவள் உள்ளங்கையின் ஈரம் எவர்சில்வரில் மங்கலாகப் படர்ந்திருந்தது.

"டீ சாப்பிடலாம்" என்றான் நடராஜ். இப்போது அவன் குரலில் விளையாட்டில்லை.

டீ குடித்தார்கள். தெருமுனையிலிருந்து கூட்டத்தின் அரோகரா ஒலி அலையலையாக வந்து தணிந்தது. தட்டை எடுத்தபோது படம் சுத்தமாக இருந்தது. சுவர், விரிசல், பல்லி ஒன்று. அவ்வளவுதான்.

"நாலரை மணிக்கு நாங்க நிக்கறோம். எப்பவும் அந்த நேரந்தான். நீங்க உங்க கேமராவுல எடுங்க" என்றாள் தேவிப்ரியா. பிறகு நடராஜ் டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போகும்வரை காத்திருந்து, குரலைத் தாழ்த்தினாள்.

"எடுத்துட்டு, மெஷின் கோளாறுன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க சிஸ்டர். எனக்கு அது போதும்."

"கோளாறு இருந்தா சொல்லப் போறேன்."

"இல்லன்னாலும்."

"இவ்ளோ பயம்னா எதுக்குக்கா எடுக்கறீங்க? விட்டுட வேண்டியதுதானே?"

தேவிப்ரியா மகளைப் பார்த்தாள். சிறுமி பென்சில்களை உயர வாரியாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"வைகாசியில விட்டோம். அன்னைக்கு நாலரைக்கு இவ தானா போயி அந்தச் சுவத்துகிட்ட நின்னா. இடது கையை இப்படித் தூக்கிகிட்டு, போட்டோவுக்குச் சிரிக்கற மாதிரி சிரிச்சிகிட்டு. கூப்பிட்டேன், வரல. தூக்கப் போனேன்." அவள் தன் இடது மணிக்கட்டைத் தொட்டுக் காட்டினாள். "தூக்க முடியல சிஸ்டர். பதினெட்டு கிலோதான் இருப்பா. அந்தக் கையை மட்டும் யாரோ கெட்டியா புடிச்சிகிட்டிருந்தாங்க. பொழுது சாஞ்சப்புறந்தான் விட்டாங்க."

நாலரை மணிக்கு மேற்குச் சன்னலிலிருந்து வெயில் சரிந்து சுவரில் விழுந்தது.

மூவரும் நின்றார்கள். யாரும் சொல்லாமலே சிறுமிக்கு இடப்பக்கம் ஓர் ஆள் இடம் விட்டு நின்றார்கள். ஜோயா கேமராவில் கண்ணை வைத்துப் பார்த்தாள். மூன்று பேர். நான்காவது இல்லை. அழுத்தினாள். ஃப்ளாஷ் அடித்தது. அட்டை நீண்டது. இம்முறை அவளே அதைக் கவிழ்த்தாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று அவளுக்கே விளங்கவில்லை.

தட்டு. டீ.

கூடத்தில் மெல்ல ஒரு வாசனை எழுந்தது. ஜோயா தன் கைகளைப் போல அறிந்த வாசனை. புது பேக்கின் ஈயத்தாளைக் கிழித்த கணத்தில் மட்டும் வந்து மறையும் மருந்து வாடை. அவள் பேக்கைப் பிரித்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது.

வாடை மறையவில்லை.

தட்டை எடுத்தார்கள்.

நடராஜ் தெளிவாக இருந்தான். தேவிப்ரியா தெளிவாக இருந்தாள். சிறுமி பாதிதான் இருந்தாள். இடது தோள், கழுத்து, கன்னம், இடது கண் எல்லாம் வெள்ளையில் போயிருந்தன. எஞ்சிய ஒற்றைக் கண் சிரித்துக்கொண்டிருந்தது.

ஜோயா பூதக்கண்ணாடியைக் கண்ணில் பொருத்திக் குனிந்தாள். கசிந்த வெளிச்சத்துக்கு விளிம்பு இராது; அது புகைபோல் கரையும். இந்த வெள்ளைக்கு விளிம்பு இருந்தது. மேலே, பிரிந்து பறக்கும் சில முடியிழைகள். கீழே, மணிக்கட்டில் இரண்டு வளையல்களின் கோடு. சிறுமியின் தோள்மேல் நான்கு விரல்கள்.

"மெஷின்தானே?" என்றாள் தேவிப்ரியா.

ஜோயாவால் பொய் சொல்லியிருக்க முடியும். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் கோளாறில்லாத கருவியைக் கோளாறென்று சொல்லிவிட்டால், அடுத்த பௌர்ணமிக்கு அந்தக் குழந்தையின் எஞ்சிய பாதிக்கு யார் பொறுப்பேற்பது?

"இல்லக்கா" என்றாள். "முதல்ல கேட்ட கேள்வியைத் திரும்பக் கேக்கறேன். இதுக்கு முன்னாடி கடைசியா எடுத்த குடும்பப் படம் எங்க?"

நடராஜ் நாற்காலியில் அமர்ந்தான். அந்தச் சிரித்த முகம் இத்தனை சீக்கிரம் வயதாகும் என்று ஜோயா நினைத்திருக்கவில்லை.

"என் தங்கச்சி எடுத்தது" என்றான். "அபீதகுஜாம்பாள்னு பேரு. எங்களுக்கு அபி. இந்தச் சுவரு, இந்தப் போட்டோ எல்லாம் அவ ஆரம்பிச்சதுதான். படம் வெளிய வந்ததும் ஊரையே கூப்பிடுவா. வாங்க வாங்க, வருது பாருங்கன்னு. அந்த ரெண்டு நிமிஷந்தான் அவளுக்கு உசுரு. படம் தெளிஞ்சப்புறம் அதைத் திரும்பிக்கூட பாக்க மாட்டா."

மீதியைத் தேவிப்ரியா சொன்னாள்.

"சின்ன வயசுலயே அவளுக்கு இருதயத்துல ஒரு வால்வு சரியில்ல. போன வருஷம் தைப் பௌர்ணமி. டைமரை வெச்சுட்டு ஓடியாந்து கவி கையைப் புடிச்சிகிட்டு நின்னா. படம் வந்துச்சு. எடுத்துகிட்டு, வாங்க வாங்கன்னா. அப்படியே அந்தச் சுவத்தைப் புடிச்சிகிட்டு உக்காந்தா. படம் கையிலேர்ந்து கவுந்து விழுந்துச்சு."

"அப்புறம்?"

"அவ்ளோதான். அது தெளியறதுக்குள்ள முடிஞ்சிடுச்சு."

நடராஜ் அந்த விரிசலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வருஷத் திதி முடியற வரைக்கும் நாங்க யாரும் சேர்ந்து நிக்கல. மாசியிலதான் கவி கேட்டான்னு திரும்ப ஆரம்பிச்சோம்" என்றாள் தேவிப்ரியா.

"அந்தப் படத்துல என்ன வந்திருந்தது?"

"யாரும் பாக்கல. கவுந்தபடியே எடுத்து பீரோவுல வெச்சோம். அதுக்கப்புறம் எந்தப் படம் வந்தாலும்..." அவள் தட்டைப் பார்த்தாள். "அவ பாக்காம போன அந்த ரெண்டு நிமிஷத்தை நாங்க எப்படிப் பாக்கறது?"

அப்போதுதான் ஜோயா கவனித்தாள். படம் எடுத்து முடிந்து கால் மணி நேரமாகியும் சிறுமி சுவரடியிலிருந்து வரவில்லை. இடக்கை உயர்ந்திருந்தது. உதடுகள் விரிந்து, பற்கள் தெரிய, கேமரா இல்லாத திசையை நோக்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"கவி" என்றாள் தேவிப்ரியா.

சிரிப்பு மாறவில்லை.

"கவி, வா இங்க."

சிறுமியின் கால் ஓரடி முன்னால் வந்தது. கை வரவில்லை. தோள் முறுக்கிக்கொண்டது. முகத்தில் சிரிப்பு அப்படியே இருக்க, கண்களில் மட்டும் நீர் கோத்தது.

நடராஜ் ஓடிப்போய் மகளின் இடுப்பைச் சுற்றிப் பிடித்து இழுத்தான். இரண்டு கைகளாலும் இழுத்தான். அவன் கழுத்து நரம்புகள் புடைத்தன. பதினெட்டுக் கிலோ அசையவில்லை.

மருந்து வாடை கூடம் முழுக்க ஏறியது.

தேவிப்ரியா உள்ளே போனாள். பீரோ திறக்கும் ஓசை கேட்டது. திரும்பி வந்தபோது அவள் கையில் ஒரு கைக்குட்டைப் பொட்டலம் இருந்தது.

"வேணாம் தேவி" என்றான் நடராஜ். மகளை விடாமல், தரையில் மண்டியிட்டபடி. "வேணாம். அதைப் பாக்க வேணாம்."

"பதினெட்டு மாசமா பாக்காமத்தானே இருந்தோம்? இன்னா நடந்துச்சு?"

அவள் கைக்குட்டையைப் பிரித்தாள். கறுப்பு முதுகு தெரிய, படம் கவிழ்ந்து கிடந்தது. எல்லார் முன்னிலையிலும், தட்டில்லாமல், டீயில்லாமல், அதைப் புரட்டினாள்.

வெள்ளை.

ஜோயா மூச்சை விட்டாள். ஒரு நொடி அவளுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. "இதுல மருந்தே பரவலக்கா. ரோலர் சரியா அழுத்தியிருக்காது. யார் பாத்தாலும் பாக்காட்டியும் ரெண்டு நிமிஷத்துல தெளிஞ்சிருக்கணும். பதினெட்டு மாசம் ஆச்சு. இனிமே இதுல ஒண்ணும்..."

வாக்கியத்தை அவள் முடிக்கவில்லை.

வெள்ளையின் நடுவில், பாலில் ஒரு துளி மை விட்டாற்போல, நீலம் கசிந்தது.

முதலில் விரிசல் வந்தது. அதைச் சுற்றிச் சுவர் வந்தது. பச்சைப் பாவாடையில் நான்கு வயதுக் கவிநிலா வந்தாள். இடக்கையைத் தூக்கியபடி, சிரித்தபடி. அவளுக்கு வலப்பக்கம் தேவிப்ரியா, நடராஜ், அந்தத் தை மாதத்து முகங்களோடு. நிறங்கள் ஏறின. நிழல்கள் கறுத்தன. யாரும் கண்ணை எடுக்கவில்லை.

சிறுமிக்கு இடப்பக்கம் மட்டும் வெள்ளையாக நின்றது.

ஒரு நிமிடம். இரண்டு. மற்றதெல்லாம் தெளிந்து முடிந்துவிட்டது. அந்த வெள்ளை அசையவில்லை.

"அத்தை இன்னும் பாக்கலயாம்" என்றாள் கவிநிலா.

சிரிப்பு மாறாத அந்த உதடுகளிலிருந்து குரல் மட்டும் வந்தது. சாதாரணக் குரல்; பென்சில் கேட்கும் குரல்.

"நீங்களே வெச்சிகிட்டு பாக்கறீங்களாம். அவங்களுக்குத் தெரியலயாம்."

நடராஜ் மகளின் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அவன் தோள்கள் குலுங்கின.

தேவிப்ரியா படத்தைக் கையிலெடுத்தாள். சுவரை நோக்கி நடந்தாள். சிறுமிக்கு இடப்பக்கம், வீட்டில் ஒருவரும் காலடி வைக்காத அந்த இடத்துக்கு எதிரே போய் நின்றாள். தன் முகத்துக்கு நேராகப் பிடித்திருந்த படத்தை மெதுவாகத் திருப்பி, தன்னைவிடச் சற்று உயரமான ஒருத்தியின் கண்மட்டத்துக்கு உயர்த்தினாள்.

"வாங்க வாங்க" என்றாள். குரல் உடைந்தது, ஆனால் உரக்கச் சொன்னாள், ஊரையே கூப்பிடுவதுபோல. "வருது அபி. நல்லா பாரு."

சிறுமியின் கை சட்டென்று கீழே விழுந்தது. இழுத்துக்கொண்டிருந்த தகப்பன் அவளோடு பின்னால் சரிந்தான்.

ஜோயா அவர்களைப் பார்க்கவில்லை. அவள் நின்ற இடத்திலிருந்து படத்தின் முகம் சாய்வாகத் தெரிந்தது. சன்னல் வெயில் அதன் பளபளப்பில் விழுந்திருந்தது. அந்தப் பளபளப்பின்மேல், மிக அருகில் குனிந்து பார்க்கும் ஒருவரின் மூச்சுபோல், வட்டமாக ஓர் ஆவி படிந்தது.

மறைந்தது.

மறுபடி படிந்தது.

தேவிப்ரியா கையை இறக்கவில்லை. தட்டு மேசைமேல் வெறுமனே கிடந்தது. அந்த வீட்டில் பதினெட்டு மாதத்துக்குப் பிறகு அந்தப் படத்தின் எஞ்சிய வெள்ளை, எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, தெளியத் தொடங்கியது. முதலில், இரண்டு வளையல்கள்.